ஊழியம் என்றொரு சொல்: ‘கருக்கு’ நூலில் தியாகமும் கூலியும்

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் சாதியைப் பற்றிய நூலாக வாசித்துவருகிறோம். தமிழில் தலித் பெண் ஒருத்தியின் தன்வரலாறு என்ற வகையில் அதற்குரிய இடம் உறுதியாகிவிட்டது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்தபின் நாடெங்கும் பாடமாகவும் ஆகிவிட்டது. ஆனால் அந்த நூலின் கணிசமான பகுதி ஒரு கன்னியர் மடத்துக்குள் நடக்கிறது என்பதை வகுப்பறைகளில் நாம் பெரிதாகப் பேசுவதில்லை. ‘மதநிறுவனத்தின் மீதான விமர்சனம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். பிறருக்காகத் தன்னைக் கொடுத்துவிடுவது என்ற கிறிஸ்தவ இலட்சியத்தை உள்ளே போய்ப் பார்த்து, நம்பி, வாழ்ந்து, பிறகு அதன் கணக்கைக் கேட்ட தமிழ் நூல் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாமாவின் ஊரான வத்திராயிருப்புப் புதுப்பட்டி விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், மலையடிவாரம். அதே மாவட்டத்தின் தெற்கில், வெம்பக்கோட்டை வட்டத்தில் இருக்கிறது ஏழாயிரம்பண்ணை. ஒரு காலத்தில் ஜமீன். இன்றைக்கு அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் பாதி வீடுகளுக்குச் சோறு போடுவது பட்டாசும் தீப்பெட்டியும். மானாவாரிக் கரிசல், மழை பொய்த்தால் வேறு வழியில்லை. இந்தப் பக்கத்தில் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ‘ஆபீஸ்’ என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். அம்மா ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்று முதலாமாண்டு மாணவி சொன்னால் வெளியூர்க்காரர்கள் மேசை நாற்காலியைக் கற்பனை செய்துகொள்வார்கள். நான் பாடம் நடத்தும் பிள்ளைகளில் இப்படி ஆபீசுக்குப் போகும் அம்மாக்களின் மகள்கள் நிறையப் பேர். அவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது ‘கருக்கு’ வேறு புத்தகமாகிவிடுகிறது.

சொற்களிலிருந்து தொடங்குவது தமிழ் படித்தவளின் பழக்கதோஷம். பொறுத்துக்கொள்ளுங்கள், இங்கே அது தேவைப்படுகிறது.

கிறிஸ்தவத் தமிழில் தன்னைக் கொடுத்தலைச் சொல்ல மூன்று சொற்கள் புழங்குகின்றன: பலி, தியாகம், ஊழியம். மூன்றும் ஒன்றுதான் என்பதுபோலப் பிரசங்கங்களில் மாறிமாறி வரும். மூன்றின் பிறப்பும் வேறுவேறு. தியாகம் என்பது பழைய தமிழில் கொடை. தியாகி என்றால் வாரிக் கொடுக்கிறவன். விக்கிரம சோழனுக்குத் ‘தியாகசமுத்திரம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கடல்போலக் கொடுப்பவன் என்று பொருள். ஆக, அது இருப்பவனுடைய சொல், அரசனுடைய சொல். சுதந்திரப் போராட்டத்துக்குப் பிறகுதான் இழப்பும் வலியும் அதற்குள் முதன்மையாக வந்து உட்கார்ந்தன. பலி அப்படியல்ல. பலியில் கொடுப்பவர் ஒருவர், கொடுக்கப்படுவது வேறொன்று. ஆட்டிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கிறிஸ்தவ இறையியல் இந்த இரண்டையும் ஓர் உடலில் சேர்த்தது: பலியிடுபவரும் அவரே, பலியும் அவரே. தன் உயிரைத் தன்னிடமிருந்து யாரும் பறிக்கவில்லை, தானாகவே கொடுக்கிறேன் என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொல்வதன் பொருள் அதுதான். அந்தத் ‘தானாகவே’ இல்லாவிட்டால் சிலுவை வெறும் கொலைக்கருவி.

மூன்றாவது சொல்தான் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது. இன்று ஊழியம் என்றால் சபைப் பணி, ஊழியக்காரர் என்றால் போதகர். ‘முழுநேர ஊழியம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் திருவிதாங்கூரில் ஊழியம் என்பது கூலியில்லா வேலையின் பெயர். ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயில்களுக்கும் சம்பளமின்றிச் சுமக்கவும் வெட்டவும் கட்டவும் கடமைப்பட்டிருந்தார்கள், மறுத்தால் அடி. டச்சுக்காரர் ஆண்ட யாழ்ப்பாணத்திலும் கட்டாய வேலைக்கு இதே பெயர். கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், மதம் மாறியவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று மிஷனரிகள் கேட்டுப் பெற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விடுதலை பெற்றுக் கோயிலுக்கு வந்தவர்கள் அங்கே கேட்டது, தேவனுக்கு ஊழியம் செய்யுங்கள் என்பதை. இது மொழிபெயர்ப்பாளர்களின் சதி என்று நான் சொல்லவில்லை. கிரேக்க மூலத்திலேயே அடிமை என்ற சொல்தான் பல இடங்களில் இருக்கிறது. பவுல் தன்னை அப்படி அழைத்துக்கொண்டார். ஆனால் பவுல் உரோமக் குடிமகன். தன்னை அடிமை என்று அழைத்துக்கொள்ளும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. பிறப்பிலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டவளுக்கு அதே சொல்லை ஆன்மிக மேன்மையாகக் கொடுத்தால் அவளுக்குக் கிடைப்பது என்ன?

இந்தக் கரிசல் பகுதியில் கிறிஸ்தவத் தியாகத்துக்கு முதலில் கிடைத்த முகம் ஓர் ஆங்கிலேய ஆணுடையது. தாமஸ் ரேக்லண்ட் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து விளங்கியவர், கல்லூரி ஒன்றின் ஆய்வாளர். சென்னையில் சி.எம்.எஸ். மிஷனின் செயலாளராக இருந்தவர். அந்தப் பதவியை விட்டுவிட்டு 1854இல் வட திருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரமடித்துப் பிரசங்கிக்கும் வேலையைத் தொடங்கினார். 1858இல் சிவகாசியில் இறந்தார். வயது 43. நிலத்தில் விழுந்து செத்தால்தான் கோதுமை மணி பலன் தரும் என்ற நற்செய்தி உவமையோடு சேர்த்தே அவரை நினைவுகூர்கிறார்கள். அவர் விட்டுவந்தது உண்மையிலேயே பெரிது, அதில் சந்தேகமில்லை. விட்டுவர அவரிடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். தென் திருநெல்வேலிச் சபைகள் முறைவைத்து அனுப்பிய தமிழ் உபதேசிமார்கள் அவருடன் நடந்தார்கள். கூடாரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றிய கைகள் யாருடையவை என்று எந்த நூலும் கவலைப்படுவதில்லை.

ரேக்லண்டின் வாழ்க்கையை எழுதியவர்களில் ஒருவர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, டோனாவூரில் பெண்குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தை உருவாக்கி, ஊர் திரும்பாமலே 1951இல் அங்கேயே இறந்தவர். கடைசி இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையில். உலகெங்கும் கிறிஸ்தவப் பெண்களுக்குத் தியாக அன்பின் உதாரணமாகக் காட்டப்படுபவர். ஏமியைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த சிறுமிகளை அவர் காப்பாற்றியதைக் காலனிய ஆணவம் என்று ஒதுக்குகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அந்தச் சிறுமிகளின் இடத்திலிருந்து பார்த்தால் அப்படிப் பேச வாய் வராது. ஆனால் ‘நான்’ என்பதே அழிய வேண்டும் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தும் அவருடைய பக்தி எழுத்துகளை நம் மாணவிகள் கையில் கொடுக்க எனக்குத் தயக்கம் உண்டு.

அவரைவிட என்னைக் கவர்வது அவருடன் வேலை செய்த பொன்னம்மாள். இளவயதில் கணவரை இழந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். ஏமியின் சுவிசேஷப் பெண்கள் குழுவில் சேர்ந்து மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனவர். பிறகு நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர். 1915இல் புற்றுநோயால் இறந்தார். ஏமி அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். நட்பும் மரியாதையும் கலந்த நூல்தான். ஆனாலும் அது தலைவி எழுதிய தொண்டரின் கதை. தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கை ஆங்கில வாசகர்களின் ஆன்மிக வளர்ச்சிக்காகச் சொல்லப்பட்டது. பொன்னம்மாள் தன்னைப் பற்றித் தானே எழுதியிருந்தால் தியாகம் என்ற சொல்லை எத்தனை முறை பயன்படுத்தியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், விதவை என்றால் மூலையில் இருக்க வேண்டிய காலத்தில், தெருவில் நடந்து, அந்நியரிடம் பேசி, ஒரு நிறுவனத்தையே நடத்திய பெண்ணுக்கு அந்த வேலை இழப்பாகத் தோன்றியிருக்குமா? அக்காலத்து பைபிள் பெண்கள் பலரும் விதவைகள். மிஷன் கொடுத்த சிறிய சம்பளம் அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் சம்பளம். சேவை அவர்களுக்கு ஒரு ‘நான்’ஐக் கொடுத்தது, பிறகுதான் அதைக் கேட்டது. இந்த வரிசை முக்கியம். பெண்களுக்குச் சேவை எப்போதுமே சுரண்டல்தான் என்று சொல்லிவிட்டால் பொன்னம்மாளை இன்னொரு முறை பேசவிடாமல் செய்துவிடுவோம்.

‘கருக்கு’க்கு இப்போது வரலாம். நூலில் இரண்டு வகையான சேவை அடுத்தடுத்து வருகிறது, இரண்டுக்கும் நடுவில் பாமா கோடு எதுவும் போடுவதில்லை. முதலாவது பாட்டிகளுடையது. இருவரும் நாயக்கர் வீடுகளில் வேலை செய்கிறார்கள். விடியுமுன் போய், சாணி அள்ளி, தொழுவம் கூட்டி, வேலை முடிந்ததும் மிஞ்சிய பழைய சோற்றை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். பேத்திக்குக் கோபம் வருகிறது. பாட்டியோ, நமக்குக் காலங்காலமாகச் சோறு போடுகிறவர்கள் அவர்கள்தானே என்கிற மனநிலையில் இருக்கிறாள். அந்தப் பாட்டியின் உழைப்பைத் தியாகம் என்று யாரும் அழைத்ததில்லை. அன்பு என்றும் அழைத்ததில்லை. வேலை என்றுகூட மதித்ததில்லை, கூலி அப்படித்தானே இருக்கிறது.

இரண்டாவது மடத்துச் சேவை. ஆசிரியையாக இருந்த பெண், ஏழைகளுக்காகவே வாழ்ந்த ஒரு சபை நிறுவனரைப் பற்றி வாசித்து, தன் மக்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பாடுபடலாம் என்று நம்பி, மடத்தில் சேர்கிறாள். வேலையை விட்டு, வீட்டார் பேச்சை மீறிப் போகிறாள். உள்ளே கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் வாழும் வசதியைப் பார்த்து அவள் திகைக்கிறாள். அவள் வீட்டில் யாரும் ஏழ்மைக்கு வார்த்தைப்பாடு எடுத்ததில்லை, எடுக்காமலே இருந்தது. பணிக்கு அனுப்பப்பட்ட பள்ளிகளோ வசதியானவர்களின் பிள்ளைகளுக்கானவை. ஏழைப் பிள்ளைகள் அங்கே கூட்டிப் பெருக்கிக் கழுவும் வேலைக்கு இருந்தார்கள். சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. ஏழாண்டுகளுக்குப் பிறகு அவள் வெளியே வருகிறாள், கையில் வேலையோ பணமோ இல்லாமல்.

வெளியேறியதை வழக்கமாக நாம் ஏமாற்றம் என்றோ கிளர்ச்சி என்றோ வாசிக்கிறோம். எனக்கு அது விசுவாசமாகத் தெரிகிறது. உள்ளே போகும்போது அவள் ஒரு கேள்வியைச் சுமந்து போனாள்: என்னைக் கொடுத்தால் அது யாரிடம் போய்ச் சேரும்? தன் பாட்டியின் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தே வளர்ந்தவள் கேட்கக்கூடிய கேள்வி அது. பாட்டியிடம் வாங்கிக்கொண்டவர்கள் யாரும் நன்றி சொல்லவில்லை. மடத்தில் நன்றியும் தோத்திரமும் நிறைய, ஆனால் சேரவேண்டிய இடத்துக்கு எதுவும் சேரவில்லை. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு இந்தக் கேள்வியையே பாவமாக்கியது. எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போ, ஏனென்று கேட்காதே. திருவிதாங்கூர் ஊழியத்தின் விதியும் அதுவே. நூலின் முன்னுரையில் பாமா பனங்கருக்கை இருபுறமும் கூரான வாளோடு சேர்த்துப் பேசுகிறார். எபிரெயர் நிருபத்தில் தேவனுடைய வார்த்தைக்குச் சொல்லப்பட்ட உவமை அது. வேதத்தை அவர் மடத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை, கையோடு எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

அமெரிக்க இறையியலாளர் வேலரி செய்விங் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பெண்ணிய இறையியலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். தற்பெருமையே மனிதனின் ஆதிப் பாவம், தன்னை அழித்தலே அதற்கு மருந்து என்ற போதனை ஆண்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது, பெண்களின் சோதனை வேறு, பிறருக்காகத் தன்னைச் சிதறடித்துத் தன்னையே இல்லாமல் ஆக்கிக்கொள்வதுதான் என்பது அவருடைய வாதம். நோயாளி மாறிவிட்டால் மருந்தே விஷம். சரியான வாதம், ஆனால் பாமாவை வாசித்த பிறகு கொஞ்சம் போதாமல் தெரிகிறது. பாமாவின் பாட்டி தன்னைச் சிதறடித்துக்கொள்ளவில்லை. அவளைச் சிதறடித்தார்கள். நடுத்தர வர்க்கப் பெண்ணின் உளவியலாக மட்டும் இதைப் பார்த்தால் கூலியும் நிலமும் சாதியும் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னவர் என் மாணவி ஒருவரின் அம்மா. 1994இல் வந்த பாமாவின் ‘சங்கதி’யில் மைக்கண்ணி என்று ஒரு சிறுமி வருவாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வேலை. அம்மாவுக்குப் பிரசவமானால் இவள் தீப்பெட்டி வேலைக்குப் போவாள், அம்மா வேலைக்குப் போனால் இவள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வாள். அந்தச் சிறுமியைப் பற்றி எழுதச் சொன்னபோது வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ‘தியாகச் சுடர்’ என்று தலைப்பிட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் பழக்கம். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் தலைப்பில்லாமல் கொடுத்திருந்தாள். கேட்டபோது, எழுதியதை இரவில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதாகச் சொன்னாள். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கி வளர்ந்த அந்த அம்மா தலைப்பைக் கேட்டதும் சிரித்துவிட்டாராம். “தியாகமாவது ஒண்ணாவது. அட்வான்ஸ் வாங்கியிருந்தாங்க எங்கய்யா. போகாட்டா வீட்டு வாசல்ல வந்து நிப்பான்ல.” அந்தப் பெண் தலைப்பை அடித்துவிட்டாள். முன்பணத்துக்கு ஈடாகப் போன பிள்ளையைக் கொடையாளி ஆக்குவது, வாங்கியவனைக் கணக்கிலிருந்து விடுவிப்பது. இதற்கு மேல் நான் விமர்சனக் கோட்பாடு நடத்த என்ன இருக்கிறது?

2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சன்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், பெண்களும் அவர்களில் உண்டு. மருந்து கலக்குவதற்கும் செலுத்துவதற்கும், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் விதிகள் உண்டு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க வேலையை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடுவதை ‘உள்குத்தகை’ என்பார்கள், அதற்கு அனுமதி இல்லை. விபத்து நடக்கும்போதெல்லாம் இந்தச் சொற்கள் ஒரு வாரம் செய்தித்தாளில் இருக்கும். துக்க வீட்டில் வேறு மொழி நிலவும். குடும்பத்துக்காக உயிரைக் கொடுத்த மகராசி என்பார்கள். மெழுகுவத்தி உவமை எந்த மதத்து வீட்டிலும் வந்துவிடும். ஆறுதலுக்காகச் சொல்வதைக் குறைசொல்லும் கல்நெஞ்சு எனக்கில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள்: எழுவாய் அவள், வினை கொடுத்தாள். அறையில் அதிகம் பேரை உட்கார வைத்தவர் அந்த வாக்கியத்தில் எங்குமில்லை. கூலிக்குப் போனவளைத் தியாகியாக்கும் அந்தக் கணத்தில் தியாகம் மறுபடி பலியாகிவிடுகிறது. பலி கொடுத்தவர் மட்டும் காணாமல் போகிறார்.

வேதம் இந்த இலக்கணத்தைத்தான் கற்பிக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தைச் சொல்வேன். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவை எல்லாப் பிரசங்கத்திலும் வருவாள். சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து ஞாயிறன்று கொண்டுவரும் நம் சபைப் பெண்களுக்கு அவள்தான் முன்மாதிரி. அவள் தன் பிழைப்புக்கு இருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டாள் என்று இயேசு சொல்கிறார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கதைக்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் செய்யும் வேதபாரகர்களை அவர் கண்டிக்கிறார். கதை முடிந்தவுடனே, அந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் நிற்காது என்கிறார். நடுவில் வந்து தன் கடைசிக் காசைப் போட்டுவிட்டுப் போகிறாள் அவள். முன்னும் பின்னும் இருப்பதை வெட்டிவிட்டு அந்த நான்கு வசனங்களை மட்டும் வாசித்தால் பாராட்டு. சேர்த்து வாசித்தால் விழுங்கப்பட்ட வீடுகளில் ஒன்றின் சாட்சியம். இப்படி வாசித்தவர்கள் எனக்கு முன்பே உண்டு, ஆனால் நம் பிரசங்க மேடைகளில் நான் கேட்டதில்லை.

கால் கழுவும் கதையும் அப்படித்தான். சீடர்களின் கால்களை இயேசு கழுவியதில் அதிர்ச்சி எங்கே இருக்கிறது? கழுவியவர் போதகர் என்பதில். வேலைக்காரி கழுவியிருந்தால் யாரும் எழுதிவைத்திருக்கவே மாட்டார்கள், தினமும் நடப்பதுதானே. கத்தோலிக்கக் கோயில்களில் பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். 2016 ஜனவரியில் போப் பிரான்சிஸ் மாற்றும்வரை, அந்தச் சடங்குக்கு ஆண்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றிருந்தது வழிபாட்டு விதி. கோயிலைக் கூட்டி, பீடத் துணி துவைத்து, பூ கட்டி, அந்தச் சடங்குக்கான தண்ணீரையும் துண்டையும் எடுத்துவைத்தவர்கள் பெண்கள். கால் நீட்டி உட்கார மட்டும் அவர்களுக்கு இடமில்லை. அன்பைக் கொடுக்கப் பழக்கப்பட்ட அளவுக்கு அதை வாங்கிக்கொள்ள அவர்களை யாரும் பழக்கவில்லை.

விதி மாறிய பிறகும் எல்லாக் கோயில்களிலும் மாறிவிடவில்லை. மாறிய ஒரு கோயிலைப் பற்றி என் மாணவி ஒருத்தி சொன்னாள். பெஞ்சில் உட்கார அவளுடைய பெரியம்மாவையும் கூப்பிட்டார்களாம். பயர் ஆபீசில் மருந்து பட்டு விரலிடுக்கெல்லாம் கறுத்துப்போன கால். பெரியம்மா வீட்டிலேயே மூன்று தடவை தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போனாராம். சாமியார் தண்ணீரை ஊற்றியபோது காலை இழுத்துக்கொண்டாராம். “கூச்சமா இருந்துச்சுன்னு சொல்றாங்க மிஸ். இந்த வருசம் அவங்களா போய்ப் பேரு குடுத்திருக்காங்க.”